பழி வெள்ளரிக்காய்க்கு, குற்றம் வெந்தயத்துக்கு!

வெள்ளரிக்காயைக் கண்டு ஒரு தேசமே நடுங்கியது என்றால் நம்புவீர்களா?

2011-ம் ஆண்டு மே மாதம் ஜெர்மனியில் அதுதான் நடந்தது. கடைகளில் வெள்ளரிக்காய் குவிந்து கிடந்தது. வாங்க ஆள் இல்லை. அதே சமயம், உண்மையில் ஆளைக் கொன்ற பொருள் ஓட்டல் தட்டுகளில் கேட்பாரின்றிப் போய்க்கொண்டே இருந்தது!

காய்கறி தின்றவர்களுக்கு வாந்திபேதி என்று எங்கிருந்தாவது செய்தி வரும்போதெல்லாம், நாம் நினைத்துப் பார்க்கவேண்டிய விஷயம் இது.

மூன்று குழந்தைகள்

மே 19-ந் தேதி, ஜெர்மனியின் தொற்றுநோய் ஆராய்ச்சிக்கூடமான ராபர்ட் காக் நிலையத்துக்கு ஹாம்பர்க் நகரிலிருந்து தகவல் வந்தது. ஒரே நாளில் மூன்று குழந்தைகள் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டிருந்தார்கள். மூவருக்கும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தது.

பிறகு பெரியவர்கள் வரத் தொடங்கினார்கள். பெண்களே அதிகம். ஜூலை முடிவதற்குள் நோய் கண்டவர்கள் 3,800 பேருக்கு மேல். சிறுநீரகம் கெட்டவர்கள் 800 பேருக்கு மேல். மாண்டவர்கள் 50 பேருக்கு மேல்.

காரணம் 'ஈ. கோலி' இனத்தைச் சேர்ந்த ஒரு கிருமி. இந்த இனத்தில் பெரும்பாலானவை நம் குடலில் சாதுவாகக் குடியிருப்பவைதான். ஆனால் இந்த ரகம் விஷத்தைக் கக்கும். அந்த விஷம் முதலில் ரத்தபேதியை உண்டாக்கும். சிலருக்கு ரத்த அணுக்களை உடைத்து, சிறுநீரகத்தையும் தாக்கிவிடும்.

அவசரத் தீர்ப்பு

'என்ன சாப்பிட்டீர்கள்?' என்று நோயாளிகளைக் கேட்டார்கள். தக்காளி, வெள்ளரிக்காய், சாலட் கீரை என்று பலரும் சொன்னார்கள். 'இவற்றைப் பச்சையாகச் சாப்பிடாதீர்கள்' என்று மே 25-ந் தேதி எச்சரிக்கை வந்தது. மறுநாள் ஹாம்பர்க் அதிகாரிகள், ஸ்பெயின் நாட்டு வெள்ளரிக்காயில் கிருமி இருப்பதாக அறிவித்தார்கள்.

ஐந்து நாள் கழித்து உண்மை தெரிந்தது. வெள்ளரிக்காயில் இருந்த கிருமி வேறு. நோயாளிகளின் உடலில் இருந்த கிருமி வேறு! ஆனால் சொன்ன சொல்லைத் திரும்பப் பெற முடியுமா? ஸ்பெயின் விவசாயிகள் விளைந்ததை விற்க வழியின்றி அழித்தார்கள். ருஷ்யா, ஐரோப்பிய யூனியன் நாடுகளின் காய்கறிகளையே உள்ளே விட மறுத்தது. கடைசியில் ஐரோப்பிய விவசாயிகளுக்கு நஷ்ட ஈடாக 20 கோடி யூரோவுக்கு மேல் ஒதுக்க நேர்ந்தது.

வெள்ளரிக்காய் வீணானது பாதி நஷ்டம்தான். எல்லோரும் வெள்ளரிக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தபோது உண்மைக் குற்றவாளி தப்பியிருந்ததே பெரிய நஷ்டம்.

மறந்துபோன ஒரு பிடி

அதிகாரிகள் ஏன் ஏமாந்தார்கள்? இந்த நோய் கண்டவர்களில் பலருக்கு, சாப்பிட்டுச் சுமார் எட்டு நாளுக்குப் பிறகே உபாதை தொடங்கியது. எட்டு நாளுக்கு முன் மத்தியானம் என்ன சாப்பிட்டீர்கள் என்று உங்களைக் கேட்டால் சொல்வீர்களா? வெள்ளரிக்காய் ஞாபகம் இருக்கும். அதன் மேல் அலங்காரமாகத் தூவிய ஒரு பிடி முளை ஞாபகம் இருக்காது. ஒரு விசாரணையில், முளை சாப்பிட்டதாகச் சொன்னவர்கள் நோயாளிகளில் நால்வருக்கு ஒருவர்தான்.

பிறகு விசாரணையாளர்கள் யுக்தியை மாற்றினார்கள். நோயாளியின் ஞாபகத்தை நம்பாமல், ஒரு ஓட்டலின் பில்லையும் சமையற்காரரையும் கேட்டார்கள். யார் எந்தப் பதார்த்தம் வாங்கினார்? அதில் என்னென்ன போடப்பட்டது? கணக்குப் பார்த்தபோது, முளை பரிமாறப்பட்டவர்களுக்கு நோய் கண்டது மற்றவர்களைவிடச் சுமார் 14 மடங்கு!

ஜூன் 10-ந் தேதி, குற்றவாளி முளைதான் என்று அறிவித்தார்கள். லோயர் சாக்ஸனி மாகாணத்துப் பண்ணை ஒன்றில் அது வளர்க்கப்பட்டிருந்தது. அம்மாத இறுதியில் பிரான்ஸில் போர்தோ நகருக்கு அருகிலும் சிலருக்கு இதே நோய் கண்டது. அவர்கள் தின்ற முளை அங்கேயே வளர்ந்தது. இரண்டு இடத்துக்கும் பொதுவாக இருந்தது, எகிப்திலிருந்து வந்த வெந்தய விதை. அந்த விதையில் கிருமி நேரடியாக அகப்படவில்லை. கொள்முதல் கணக்குகளைத் தொடர்ந்து போய்க் கண்ட முடிவு இது. அதை வைத்தே ஐரோப்பிய யூனியன் ஜூலையில் எகிப்து வெந்தயத்துக்குத் தடை விதித்தது.

நம் அஞ்சறைப் பெட்டியில்

வெந்தயமா என்று திடுக்கிட வேண்டாம். குழம்பில் கொதிக்கும் வெந்தயமும், மாவோடு அரைபட்டுத் தோசைக் கல்லில் வேகும் வெந்தயமும் இந்தக் கிருமியைப் பரப்பா. சங்கடம் பச்சையாகத் தின்னும் முளையில்தான். விதை முளைக்க ஈரமும் வெதுவெதுப்பும் வேண்டும். கிருமி பெருகவும் அவையே வேண்டும். விதையின் வெடிப்பில் ஒளிந்திருக்கும் நாலைந்து கிருமி, முளை விடுவதற்குள் லட்சமாகப் பெருகிவிடலாம். கழுவினால் முழுதும் போகாது. நெருப்புக்குத்தான் அது பயப்படும். உள்ளே வரை 70 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடேறினால் மடிந்துவிடும்.

ஆகவே, நோய் பரவுகிறது என்று கேள்விப்பட்டால் செய்யவேண்டியவை இவை:

முளைகட்டிய பயறையும் வெந்தயத்தையும் ஆவியில் வேகவைத்தோ நன்றாக வதக்கியோ சாப்பிடுங்கள். குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்களுக்கு எப்போதுமே பச்சை முளை வேண்டாம்.

பச்சையாகத் தின்னும் காயையும் பழத்தையும், நறுக்குவதற்கு முன்பே ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். கறி நறுக்கிய கத்தியும் பலகையும் காய்கறிக்கு ஆகாது. சமைக்குமுன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

பேதியில் ரத்தம் கண்டாலோ, சிறுநீர் குறைந்தாலோ உடனே டாக்டரிடம் போங்கள். பேதியை நிறுத்தும் மாத்திரையை நீங்களாகவே கடையில் வாங்கி விழுங்காதீர்கள். இவ்வகை நோயில் அது கெடுதலாகலாம்.

வீட்டில் யாருக்காவது நோய் கண்டால், கடந்த பத்து நாளில் தின்றதையெல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். மேலே தூவியது, தொட்டுக்கொண்டது உட்பட! அந்தத் தாள் இன்னும் பத்துப் பேரைக் காப்பாற்றலாம்.

எச்சரிக்கை வந்தால் அன்றே கேட்டு நடப்பது அவசியம். ஆனால் அத்துடன் பத்திரிகையை மடித்து வைத்துவிடாதீர்கள். மறுநாள் வரும் திருத்தத்தையும் படியுங்கள். ஜெர்மனியில் முதல் நாள் செய்தி வெள்ளரிக்காயைப் பற்றியது. உயிரைக் காத்த செய்தி பதினைந்து நாள் கழித்துத்தான் வந்தது.