கைராசியா, காலண்டரா?

"ரோஜாச் செடி வாங்கி வச்சோம். ரெண்டு பூ பூத்துச்சு. அப்புறம் வெறும் குச்சிதான்!"

ஓசூர் வீடுகளில் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. அதற்கடுத்து தவறாமல் இன்னொரு வரி வரும்: "நமக்குக் கைராசி இல்லைங்க." சில வீடுகளில் இதையே மாமியார் மருமகளைப் பார்த்துச் சொல்வார். அப்போது அது வெறும் புலம்பல் அல்ல, குற்றச்சாட்டு!

வேடிக்கை என்னவென்றால், இதைச் சொல்வது ஓசூர்க்காரர்கள். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரம், குளிர்ந்த காற்று, ரோஜாவுக்குப் பேர் போன மண். ஊரைச் சுற்றி எத்தனையோ பசுமைக்குடில்கள். காதலர் தினத்துக்கு இங்கிருந்து வெளிநாட்டுக்கே பூ போகிறது. அந்த விவசாயிகள் கைராசியை நம்பி உட்கார்ந்திருக்கவில்லை. பிப்ரவரி 14-இலிருந்து பின்னோக்கி நாள் எண்ணி, டிசம்பரில் செடியைக் கவாத்து செய்கிறார்கள். வெட்டிய 6 முதல் 8 வாரத்தில் புதுக் கிளையில் பூ வருகிறது. அவ்வளவுதான் ரகசியம்.

வீட்டில் நடப்பது நேர் எதிர். "வளர்ந்த செடியை வெட்ட மனசு வரலை" என்று கத்தரியே படாமல் விட்டு விடுகிறார்கள். ஆனால் ரோஜா பூப்பது புதுத் துளிரில். பழைய கிளைகளை அப்படியே விட்டால் செடி உயரும், பூ குறையும். மழை ஓய்ந்ததும், நவம்பர் வாக்கில், காய்ந்த கிளை, நோஞ்சான் கிளை, ஒன்றோடொன்று உரசும் கிளை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, நல்ல கிளைகளைப் பாதியாக வெட்டினால் போதும். ஒட்டுக்குக் கீழே கிளம்பும் துளிரையும் கிள்ளிவிட வேண்டும். அது வாங்கிய ரோஜாவின் துளிர் அல்ல, அதைத் தாங்கும் வேர்ச்செடியின் துளிர். விட்டால் அதுவே தொட்டியைப் பிடித்துக்கொள்ளும்.

சாமந்தியின் கதை இன்னும் பரிதாபம். பனிக்காலத்தில் பூத்து முடிந்ததும் பிடுங்கி எறிந்து விடுகிறார்கள். தண்டை வெட்டிவிட்டால் அடியிலிருந்து பக்கக் கன்றுகள் வருமே! சித்திரை, வைகாசியில் அவற்றைப் பிரித்து நட்டால், பகல் பொழுது குறையும் நாட்களில் மறுபடி பூக்கும். செண்டுமல்லிக்கு விதைத்ததிலிருந்து ஏறத்தாழ 3 மாதம். ஆடித் தொடக்கத்திலேயே விதை போட்டால், கம்பெனிகளில் எல்லாம் மெஷினுக்கு மாலை போடும் ஆயுத பூஜை சமயத்தில் வீட்டு வாசலிலும் பூ இருக்கும்.

"சிப்காட்டில் ஷிப்ட் வேலை, வாடகை வீடு, இதுக்கெல்லாம் நேரம் ஏது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் தண்ணீர் ஊற்றுவதைத் தவிர்த்தால், ஒரு வருடத்தின் பெரிய வேலைகள் நாலைந்து ஞாயிற்றுக்கிழமைக்குள் அடங்கும். கவாத்துக்கு ஒன்று, கன்று பிரிக்க ஒன்று, விதை போட ஒன்று, தொட்டி மண் மாற்ற ஒன்று. செம்மண், மணல், மக்கிய தொழுஉரம் சமபங்கு கலந்தால் போதும். தொட்டியில் இருந்தால் வீடு மாறும்போது செடியும் கூடவே வரும்.

வணிகவியல் படிப்பவர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், செடி ஒரு சோப்பு மாதிரி தீர்ந்துபோகும் பொருள் அல்ல. அது ஒரு சொத்து. பராமரிப்புச் செலவு செய்யாமல் மெஷினை ஓட்டிவிட்டு, பழுதானதும் "ராசியில்லாத மெஷின்" என்று எந்த முதலாளியாவது எழுதி வைப்பாரா? ஆனால் வீட்டில் வருடா வருடம் புதுச்செடி வாங்குகிறோம், பழியை ஒரு பெண்ணின் கை மேல் போடுகிறோம்.

நர்சரிக்குக் கிளம்பும் முன் மொட்டை மாடியில் அந்தக் "குச்சி" இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். தோலை லேசாகக் கீறினால் பச்சை தெரிகிறதா? தெரிந்தால் அதற்குத் தேவை ஒரு கத்தரியும் கொஞ்சம் புது மண்ணும்தான். யார் கை வெட்டினாலும் துளிர்க்கும்!