தீக்காயம் இல்லையென்று படுக்க வைக்கலாமா?



லயத்தில் ஒரு வீடு பற்றிக்கொண்டால் அக்கம்பக்கத்தார் ஓடிவந்து ஆளை வெளியே தூக்கி வந்துவிடுகிறார்கள். மேலெல்லாம் பார்க்கிறோம், தீக்காயம் இல்லை. "கடவுள் காப்பாற்றினார், கொஞ்ச நேரம் படுக்கட்டும்" என்கிறோம். ஆபத்தே அங்கேதான் இருக்கிறது.

தீ விபத்தில் பலரைக் கொல்வது நெருப்பல்ல, புகை. அதில் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு உண்டு. நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக! வெறுங்காற்றைச் சுவாசித்தால் அதில் பாதி வெளியேறவே நான்கைந்து மணி நேரம் ஆகும். மருத்துவமனையில் முகமூடி மாட்டிச் சுத்தப் பிராணவாயு கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரம் போதும்.

ஸ்பாஞ்சு மெத்தையும் பிளாஸ்டிக்கும் எரிந்தால் சயனைடு வாயுவும் கூடும். 2013 ஜனவரியில் பிரேசிலின் சாந்தா மரியா நகரில் ஓர் இரவு விடுதியின் கூரையில் ஒட்டியிருந்த ஸ்பாஞ்சில் தீப்பிடித்தது. மாண்டவர் 242 பேர். பெரும்பாலோரைக் கொன்றது புகையே. கொசுவத்தியை மெத்தையருகே வைக்காதீர்கள் என்று எத்தனை முறைதான் சொல்வது!

தலைவலி, வாந்தி, மயக்கம், பேச்சில் தடுமாற்றம் இருந்தால் நச்சு ஏறிவிட்டது என்று கொள்ளுங்கள். மூக்கினுள் கரி, கருகிய மூக்கு முடி, கம்மிய குரல், கருஞ்சளி ஆகியவை இன்னும் மோசம். தொண்டை உள்ளே வெந்திருக்கும். காலையில் நன்றாகப் பேசியவருக்கு மாலைக்குள் தொண்டை வீங்கி மூச்சடைக்கலாம்.

கோவிட் காலத்தில் பலர் வாங்கிய, விரலில் மாட்டும் கருவி 98 என்று காட்டினாலும் நம்பாதீர்கள். நச்சு வாயுவையும் அது பிராணவாயு என்றே எண்ணிவிடும். இரத்தப் பரிசோதனைதான் உண்மை சொல்லும்.

உடனே 999-ஐ அழையுங்கள். ஆளைத் திறந்த வெளியில் நிமிர்த்தி உட்கார வைத்து உடையைத் தளர்த்துங்கள். பாலோ மோரோ புகட்ட வேண்டாம். நினைவிழந்து மூச்சு மட்டும் இருந்தால் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். மூச்சே இல்லையென்றால் நடுநெஞ்சை விடாமல் அழுத்துங்கள்; தொலைபேசியில் இருப்பவர் சொல்லித் தருவார். விட்ட சாமானுக்காக யாரும் திரும்ப உள்ளே போகக் கூடாது.

கர்ப்பிணிகள் நன்றாக இருப்பதாகச் சொன்னாலும் கட்டாயம் போக வேண்டும். தாயைவிடக் குழந்தையின் இரத்தத்தில் அந்த நச்சு அதிக நேரம் தங்கும். கூடப் போகிறவர் என்ன எரிந்தது, அறை மூடியிருந்ததா, எவ்வளவு நேரம் உள்ளே இருந்தார், நினைவு தப்பியதா என்பதையெல்லாம் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.