சாம்பலாக விடுவதோ சான்றுகளை?

ஒரு சமுதாயத்தின் வரலாறு கடையில் விற்கும் நூல்களில் மட்டும் உறைவதன்று. விலை குறிக்கப்படாத தாள்களிலும் அது வாழ்கின்றது. கோயிற் குடமுழுக்கு மலர், பள்ளி ஆண்டு மலர், தொழிற்சங்கக் கிளையின் அறிக்கை, அச்சேறாத பட்டப்படிப்பு ஆய்வேடு ஆகியன அவ்வகையின. பதிப்பகத்தின் வழி வாராத இவற்றை நூலகத் துறையினர் 'சாம்பல்நிற இலக்கியம்' என்பர். பெயர் அவ்வாறு அமைந்ததற்காக அவற்றைச் சாம்பலாகவே போகவிடுவது அறமாகுமா?

கோல சிலாங்கூர் மாவட்டத்தை நோக்குக. இம்மாவட்டத்துத் தென்னமரம் தோட்டத்திலேதான் 1917-இல் மலாயாவில் முதன்முதலாக வணிக நோக்கில் செம்பனை பயிரிடப்பட்டது. பயிரிட்ட பிரெஞ்சுத் துரை ஹென்றி ஃபொகொன்யே மலாயா வாழ்வைப் பற்றி எழுதிய நாவல் 1930-இல் பிரான்சின் கொன்கூர் பரிசைப் பெற்றது. மறு ஆண்டே ஆங்கிலத்திலும் வெளிவந்தது. துரையின் சொல் உலக நூலகங்களில் நிலைத்துவிட்டது. அதே மண்ணில் காடழித்து, பால் வெட்டி, குலை அறுத்தவர்களின் சொல் எங்கே?

அது புக்கிட் ரோத்தான் போன்ற ஊர்களில், கோயில் அலமாரியிலும் பள்ளிக் கிடங்கிலும் முதியோர் வீட்டுப் பெட்டியிலும் கிடக்கின்றது. வட சிலாங்கூர்த் தோட்டங்கள் பலவற்றில் பால்மரம் செம்பனைக்கு வழிவிட்டது. லயத்து மக்கள் வீடமைப்புப் பகுதிகளுக்குப் பெயர்ந்தனர். மக்கள் பெயர்ந்தபோது சாமி சிலை உடன் சென்றது. பழைய மலர்க்கட்டு செல்லவில்லை. கரையான் அதன் வாசகனாயிற்று.

இதனைக் காக்கும் கடமை எவருடையது? மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை 1956-இல் தொடங்கப்பெற்றது. அதன் மாணவர் பலர் தோட்டப்புற வாழ்வை ஆய்வேடுகளாக எழுதினர். செய்தி தந்தவர் தொழிலாளர். பட்டம் பெற்றவர் மாணவர். தந்தவரின் பேரப்பிள்ளை அவ்வேட்டைப் படிக்க விரும்பின், தலைநகர் சென்று அனுமதி கேட்டு நிற்க வேண்டுமா? தலைப்பையும் சுருக்கத்தையும் காட்டி முழுப் பனுவலைப் பூட்டிவைக்கும் இணையக் களஞ்சியம் களஞ்சியமன்று, சிறைச்சாலை.

இயலாது என்பார்க்கு யாழ்ப்பாணம் விடை கூறும். 1981-இல் அந்நகரின் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவ்விழப்பை அறிந்த ஈழத்தமிழர் 2005-இல் நூலகம் என்னும் இணைய நூலகத்தைத் தொடங்கினர். அங்கே நூல்களோடு சிறப்பு மலரும் நினைவு மலரும் துண்டறிக்கையும் எவரும் இலவசமாகப் படிக்கக் கிடைக்கின்றன. தன்னார்வலர் செய்ததை, கட்டடமும் ஊழியரும் கருவியும் உடைய பல்கலைக்கழகம் செய்ய இயலாதா?

"இவற்றுக்கு இலக்கியத் தரமில்லை" என்பர் சிலர். பள்ளி தொடங்கிய ஆண்டு, தலைமையாசிரியர் வரிசை, நன்கொடை அளித்த தொழிலாளர் பட்டியல் ஆகியவற்றை வேறெந்தக் காவியம் கூறும்? "பதிப்புரிமை தடுக்கும்" என்பர் வேறு சிலர். உரிமையாளர் இருப்பின் இசைவு பெறுக. கண்டறிய இயலாவிடின், தேடிய விவரத்தைப் பதிந்துவைத்து, சட்டம் இடந்தரும் அளவில் வெளியிட்டு, மறுப்பு வந்தால் நீக்குக. தயக்கத்திற்குச் சட்டத்தைப் போர்வையாக்குவது தகாது.

தாளைப் படமெடுத்து இணையத்தில் ஏற்றுவதால் மட்டும் பணி முடிவதில்லை. தலைப்பு தமிழ் எழுத்திலேயே பதிவாக வேண்டும். தோட்டத்தின் பழைய பெயரும் புதிய பெயரும் உடன் இடம்பெற வேண்டும். பத்தாங் பெர்ஜுந்தை இன்று பெஸ்தாரி ஜெயா ஆனதை அறியாத மாணவன், பழைய ஏட்டை எப்பெயரிட்டுத் தேடுவான்?

தமிழாசிரியருக்கும் இதிற் பங்குண்டு. பள்ளி அலமாரியின் திறவுகோல் அவர்கள் கையிலேயே உள்ளது. விழாதோறும் புதுமலர் வெளியிடுவோர் பழைய மலரின் ஒரு படியையேனும் பல்கலைக்கழக நூலகத்திற்கு அளிக்கட்டும். நூலகம் அதனை உலகிற்குத் திறந்துவைக்கட்டும். உழைத்தவரின் பெயரைக் காக்காத கல்வி, கல்வி என்னும் பெயருக்குத் தகுதியுடையதன்று.