குதிரைக்குப் பட்ட கடன்



குதிரை என்றதும் நம்மவர் நினைவில் எழுவன இரண்டே. ஒன்று, ஊர் எல்லையில் ஐயனாருக்கு வாகனமாக நிற்கும் மண் குதிரை. மற்றொன்று, பந்தயத் திடலில் ஓடும் குதிரை. முன்னதைக் கும்பிடுகிறோம், பின்னதன்மீது பணம் கட்டுகிறோம், அல்லது பணம் கட்டுபவரைப் பழிக்கிறோம். பசியும் நோவும் உள்ள ஓர் உயிராக அதனை எண்ணிப் பார்ப்பவர் நம்மில் எத்தனை பேர்? சென்ற ஆண்டு வரை நானும் எண்ணியதில்லை.

நாம் படிக்க வந்து தங்கியிருக்கும் இந்தப் புனே நகரமோ குதிரைகளின் நகரம். இங்குள்ள பந்தயத் திடல் 1830-ம் ஆண்டில் அமைந்தது. மழைக்காலம் பிறந்துவிட்டால் மும்பையில் ஓடிய குதிரைகள் இங்கு வந்து ஓடுகின்றன. திருமண ஊர்வலத்தில் மாப்பிள்ளையைச் சுமப்பது குதிரை. பஞ்சகனியிலும் மகாபலேசுவரத்திலும் சுற்றுலாப் பயணிகளுக்காக நாள் முழுதும் காத்து நிற்பது குதிரை. இவற்றைத் தவிர, மருந்துக்காக இரத்தம் கொடுக்கும் குதிரைகளும் உண்டு. அவற்றைப் பற்றிப் பின்னர்ச் சொல்கிறேன்.

பந்தயம் நல்லதா, தீயதா என்ற வழக்கிற்கு நான் வரவில்லை. அதனைத் தடை செய்யத் தமிழ்நாட்டில் 1974-ல் சட்டம் இயற்றினார்கள். அது சூதாட்டமன்று, திறமையைச் சார்ந்த விளையாட்டே என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனைச் சட்டம் படிக்கும் நண்பர்களுக்கு விட்டுவிடுவோம். நான் கேட்பது வேறு. ஓர் உயிரிடம் வேலை வாங்குகிறவர்கள், அதன் வேலை முடிந்த பின்னரும் அதனைக் காக்கக் கடமைப்பட்டவர்களா, இல்லையா?

இந்தக் கேள்வி எனக்கு நூலகத்தில் பிறந்ததன்று. குதிரை லாயத்தில் பிறந்தது. என் அறைக்குப் பக்கத்து அறை நண்பர் கால்நடை மருத்துவம் படித்தவர். குதிரை வைத்தியர் ஒருவரிடம் உதவியாளராக இருக்கிறார். "ஞாயிற்றுக்கிழமையில் தூங்கித் தூங்கி என்ன கண்டாய்? என்னுடன் வா" என்று ஒருநாள் அழைத்தார். அன்று தொடங்கிய பழக்கம், மழைக்காலம் முழுவதும் நீடித்தது.

விடியற்காலை ஐந்தரை மணிக்கே வைத்தியர் வந்துவிடுவார். வந்தவுடன் குதிரையைப் பார்க்கமாட்டார், குதிரைக்காரரைத்தான் பார்ப்பார். "காகா, இரவு தீனி மிச்சமா? சாணி எப்படி?" என்பதே முதற் கேள்வி. காகா சொல்லும் விடையைக் கேட்ட பின்னரே கழுத்தில் தொங்கும் குழலைக் கையில் எடுப்பார். குதிரைக்கு வாயில்லை, இரவெல்லாம் அதன் அருகில் படுத்திருப்பவரே அதன் வாய் என்பது அவர் கொள்கை.

பிறகு தாடையின் அடியில் விரல் வைத்து நாடி பார்ப்பார். நலமான குதிரை ஓய்வாக நிற்கையில் நாடி நிமிடத்திற்கு 28 முதல் 44 வரை துடிக்கும். உதட்டைத் தூக்கி ஈற்றின் நிறம் பார்ப்பார். ஈற்றை விரலால் அழுத்தி எடுத்தால், வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மீண்டும் சிவக்க வேண்டும். பின்னர் விலாவில் காது கொடுப்பார். நம் வயிறு சத்தமிட்டால் நாம் வெட்கப்படுகிறோம். குதிரையின் வயிறு சத்தமிடாவிட்டால்தான் வைத்தியர் அஞ்சுகிறார்.

ஏனெனில் குதிரையின் உடலமைப்பு அத்தகையது. ஏறத்தாழ 450 கிலோ எடையுள்ள அப் பிராணியின் இரைப்பை 15 லிட்டருக்கு மேல் கொள்ளாது. சிறிது சிறிதாக நாளெல்லாம் மேய்வதற்காக அமைந்த வயிறு அது. உண்டது ஒவ்வாவிட்டால் நாம் வாந்தி எடுத்துத் தப்பிவிடுகிறோம். குதிரையால் வாந்தி எடுக்க இயலாது. ஆகவே குடலில் தீனி அடைத்தாலோ, காற்று சேர்ந்தாலோ, குடல் முறுக்கிக்கொண்டாலோ, வயிற்றுநோவே அதற்கு யமனாகிவிடும். ஆறடி உயரத்து மிருகம் தரையில் விழுந்து புரளும் காட்சியை ஒருமுறை கண்டவர் மறக்கமாட்டார்.

லாடம் அடிப்பதும் அங்கே ஒரு கலையே. குளம்பு நம் நகம்போல வளர்வது; நான்கு முதல் ஆறு வாரத்திற்கொருமுறை லாடத்தைக் கழற்றி, குளம்பைச் செதுக்கி, மீண்டும் அடிக்க வேண்டும். மழைக்காலத்தில் ஈரத்தால் குளம்பின் அடி அழுகும். அதனை நாள்தோறும் சுரண்டித் துடைக்க வேண்டும். பற்களுக்கும் அரம் உண்டு. குதிரையின் கடைவாய்ப் பல் ஆண்டுக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் மேலெழுந்துகொண்டே இருக்கும். மேல்தாடை கீழ்த்தாடையைவிட அகன்றது. ஆகவே பல்லின் ஓரங்கள் தேயாமல் கத்திபோல் கூர்மையாகிக் கன்னத்தையும் நாவையும் கிழிக்கும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் அரத்தால் ராவிவிட்டால் குதிரை நன்றாக மெல்லும். ராவாவிட்டால் அரைகுறையாக மென்று விழுங்கும். அவ்வாறு விழுங்கியது குடலில் அடைக்கும்.

இவ்வளவும் பந்தயக் குதிரைக்கு முறையாக நடக்கின்றன. காலையும் மாலையும் கண்காணிப்பு, வேளைக்குத் தீனி, நம் ஊரில் குதிரைமசால் என்று சொல்லும் பசுந்தீவனம், தடுப்பூசி, மருத்துவம் யாவும் உண்டு. இதனைக் கண்டு, "அடடா, நம் விடுதி மாணவனைவிட இக் குதிரை கொடுத்து வைத்தது" என்று நான் வேடிக்கையாகச் சொன்னதும் உண்டு. அந்த வேடிக்கை நெடுநாள் நீடிக்கவில்லை.

திருமணப் பருவத்தில் ஒரு ஞாயிறு. ஊர்வலங்களுக்குக் குதிரை விடும் ஒருவர் வைத்தியரைத் தேடி ஓடி வந்தார். நாங்கள் போய்ப் பார்த்தபோது ஒரு வெண்ணிறப் பெண்குதிரை, தகரக் கொட்டகையில் வியர்வையில் நனைந்து கிடந்தது. நோவு கண்டு ஒன்றரை நாள் ஆகிவிட்டது. வைத்தியருக்குக் கூலி கொடுக்க வேண்டுமே என்று அஞ்சி, கைவைத்தியம் செய்து பார்த்திருக்கிறார். நாடி 80-க்கு மேல். ஈறு கறுத்திருந்தது. விலாவில் காது வைத்த வைத்தியர் நெடுநேரம் எழவில்லை. மூக்கின் வழியே இரைப்பைக்குள் குழாய் செலுத்தினார், ஊசி போட்டார். ஒரு மணி நேரம் கழித்து, "இனி வேதனைதான் மிச்சம், தாதா" என்று மெதுவாகச் சொன்னார். உரிமையாளர் தலையசைத்தார். கடைசி ஊசி போடப்பட்டது. "எங்கள் வீட்டுக்குச் சோறு போட்டவள் இவள்" என்று அந்த மனிதர் அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. அவரைக் கொடியவர் என்று சொல்ல எனக்கு நா எழாது. வைத்தியர் கூலி வாங்கவில்லை.

பின்னர் வைத்தியர் அக் குதிரையின் வாயைத் திறந்து காட்டினார். பற்களின் ஓரங்கள் கத்திபோல் இருந்தன; கன்னத்தின் உட்புறம் புண்ணாகியிருந்தது. பல்லைக் கொண்டு வயது பதினான்கு இருக்கும் என்றார். பிறகு தோளின் மயிரை விலக்கி ஒரு சூட்டுக்குறியைச் சுட்டினார். குதிரைப் பண்ணையில் பிறந்த குட்டிக்கு இடும் குறி அது!

நண்பர்களே, அக் குதிரையும் ஒரு காலத்தில் பந்தயக் குதிரைதான். அதற்கும் வேளைக்குத் தீனியும், பல்லுக்கு அரமும், இருவேளை வைத்தியமும் இருந்தன. பந்தயக் குதிரை இரண்டு வயதிலேயே ஓடத் தொடங்குகிறது. பெரும்பாலானவை ஆறேழு வயதில் ஓய்ந்துவிடுகின்றன. குதிரையின் ஆயுளோ இருபத்தைந்து ஆண்டு. மிச்சமுள்ள பதினெட்டு ஆண்டுக்கு யார் பொறுப்பு? கை மாறக் கை மாற விலை குறைகிறது. விலை குறையக் குறைய வைத்தியம் குறைகிறது. நோய் மட்டும் குறைவதில்லை. ஆண்டுக்கு அரைமணி நேர அர வேலை கிடைத்திருந்தால் அக் குதிரை அன்று சாகாமலே இருந்திருக்கலாம்.

நிற்க. இதில் என் சொந்தக் கடன் ஒன்றும் உண்டு. எனக்குப் பதினைந்து வயதானபோது, திருவண்ணாமலைப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரில், என் தம்பியைக் கண்ணாடி விரியன் கடித்தது. அரசு மருத்துவமனையில் அவன் இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து இருபது நிமிடம் வைத்துப் பார்த்தார்கள், உறையவில்லை. பத்துக் குப்பி மருந்து ஏற்றினார்கள். மீண்டும் பத்துக் குப்பி. மறுநாள் இரத்தம் உறைந்தது, தம்பி பிழைத்தான். என் தாயார் ஒரு காலிக் குப்பியைக் கேட்டு வாங்கி வந்து சாமி மாடத்தில் வைத்தார். அதன் சீட்டில் 'எக்வைன்' என்றொரு சொல் இருந்தது. அன்று அதன் பொருள் எனக்குத் தெரியாது. குதிரையிலிருந்து எடுத்தது என்பதே பொருள்.

1890-ல் பேரிங் என்பாரும் கிடசாட்டோ என்பாரும் கண்டறிந்த சீர வைத்தியத்தின் வழியில் வந்தது அம் மருந்து. செங்கற்பட்டு மாவட்டத்து வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கு பாம்புகளைப் பிடித்து நஞ்செடுக்கின்றனர். அந்த நஞ்சைச் சிறிது சிறிதாகக் கூட்டிக் குதிரைக்கு ஊசியால் செலுத்துவர். அதன் உடலில் எதிர்ப்பொருள் உண்டானதும், கழுத்து நாளத்திலிருந்து இரத்தம் எடுத்து, தெளிநீரைப் பிரித்து, தூய்மை செய்து, தூளாக உலர்த்துவர். நல்ல நிலையங்களில் சிவப்பணுக்களைக் குதிரைக்கே திரும்பச் செலுத்திவிடுவர். இம் மருந்து வேலையும் நம் ஊருக்கு அயலானதன்று. பிம்பிரியில் ஹாஃப்கின் நிறுவனத்தார்க்குக் குதிரைகளைக் கொண்ட சீர நிலையம் உண்டு. ஹடப்சரில் 1966-ல் சீரம் நிறுவனம் தோன்றியதும், குதிரைப் பண்ணை வைத்திருந்த குடும்பத்தார் ஓய்ந்த குதிரைகளை ஹாஃப்கினுக்கு அளித்து வந்ததிலிருந்து பிறந்த எண்ணத்தால்தான்.

இந் நாட்டில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் பாம்புக்கடியால் மாண்டனர் என்று ஆய்வாளர் கணக்கிட்டுள்ளனர். பிழைத்தவர்களுக்கு உயிர் கொடுத்தது குதிரையின் இரத்தம். அவ்வாறு கொடுக்கும் குதிரைக்கு ஊசி போட்ட இடத்தில் கட்டி வரலாம், இரத்தசோகை வரலாம், பல ஆண்டு கொடுத்தபின் கல்லீரலில் புரதம் படிந்து கெடுவதும் உண்டு. என் தம்பிக்கு உயிர் கொடுத்த குதிரை இன்று எந்தக் கொட்டகையில் நிற்கிறதோ!

"மனிதனுக்கே வைத்தியம் எட்டாத நாட்டில் குதிரைக்கு வைத்தியமா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆயின் மனிதனின் நலமும் குதிரையின் நலமும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவை. கிளாண்டர்ஸ் என்னும் கொடிய தொற்றுநோய் குதிரையிடமிருந்து மனிதனுக்கும் தாவக்கூடியது. அதனைத் தடுக்க 1899-லேயே தனிச் சட்டம் செய்தார்கள். இருந்தும் 2006-ல் நம் புனேயிலும் பஞ்சகனியிலும் அந்நோய் மீண்டும் தலைகாட்டியது. நோய் கண்ட குதிரையைக் கொன்றுவிட வேண்டியிருப்பதால், ஏழை உரிமையாளர் சோதனைக்கே அஞ்சுகிறார். அவர் அஞ்சி ஒளிப்பதால் ஆபத்து யாருக்கு? அவருக்கும், அவர் பிள்ளைகளுக்கும், குதிரைமீது ஏறும் நமக்கும் அன்றோ? ஏழையின் குதிரைக்கு வைத்தியம் கொடுப்பது ஏழைக்கே வைத்தியம் கொடுப்பதாகும்.

ஆகவே நான் வேண்டுவன மூன்று. முதலாவது, பந்தயக் குதிரை விற்கப்படும்போதும் பரிசு வெல்லும்போதும் ஒரு பங்கை ஒதுக்கி, அக் குதிரையின் ஓய்வுக் காலத்திற்கென வைக்க வேண்டும். அது யாரிடம் கை மாறுகிறது என்பதும் பதிவாக வேண்டும். மருந்துக்கு இரத்தம் கொடுத்த குதிரைக்கும் அவ்வாறே. இரண்டாவது, ஊர்வலக் குதிரைக்கும் மலைக்குதிரைக்கும் ஆண்டுக்கொருமுறை பல், குளம்பு, இரத்தச் சோதனையும், ரணஜன்னித் தடுப்பூசியும் அரசுச் செலவில் கிடைக்க வேண்டும். நோய் கண்டு குதிரையை இழப்பவருக்கு ஈட்டுத்தொகை தாமதமின்றிக் கைக்கு வர வேண்டும்.

மூன்றாவது நம்மைப் பொறுத்தது. குதிரையின் உதவியின்றியே நஞ்சுமுறி மருந்து செய்யும் ஆராய்ச்சி தொடங்கிவிட்டது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தார் பங்குகொண்டு உருவாக்கிய செயற்கை எதிர்ப்பொருள் ஒன்று பற்றி 2024-ல் கட்டுரை வெளிவந்தது. அது மருத்துவமனைக்கு வந்து சேர இன்னும் நாளாகும். நம்மில் உயிர் வேதியியலும் நுண்ணுயிரியலும் படிப்போர், வேலை எங்கே கிடைக்கும் என்று மட்டும் பாராமல், இத் துறையையும் எண்ணிப் பார்க்கலாகாதா? அதுவரை, மாதத்தில் ஒரு ஞாயிறு, நம் சங்கத்திலிருந்து நான்கு பேர் வைத்தியருடன் சென்று, குதிரைகளின் பெயரும் வயதும் ஊசி போட்ட நாளும் குறித்துக் கொடுத்தாலே பெரிய உதவி என்று அவர் சொல்கிறார். மராத்தி பேசத் தெரியாதே என்று தயங்க வேண்டா. காகா நமக்குக் கற்றுக் கொடுப்பார். எனக்கு அவர்தான் கற்றுக் கொடுத்தார்.

சென்ற விடுமுறையில் ஊருக்குப் போனபோது ஐயனார் கோயிலுக்குத் தம்பியுடன் சென்றேன். பிழைத்தெழுந்த ஆண்டில் அவன் பெயரால் நாங்கள் வைத்த மண் குதிரை அங்கே நிற்கிறது. ஒரு காது உடைந்திருந்தது. "சுண்ணாம்பு அடிக்க வேண்டும், அண்ணா" என்றான் தம்பி. அடிக்கலாம், அதற்கென்ன! அதனோடு, உயிருள்ள குதிரைக்கும் ஒரு கொட்டகையும் ஒரு வைத்தியரும் வேண்டும் என்று நான் அவனுக்குச் சொன்னேன். அதையே உங்களுக்கும் சொல்கிறேன். வரும் மாதம் முதல் ஞாயிறு, காலை ஐந்து மணிக்கு, விடுதி வாயிலில் நிற்பேன். வருகிறவர்கள் வாருங்கள்.