ஆட்டுக்கால் ரோலர் தெரியுமா பாஸ்?

சிவில் படிக்கிற பாஸ், கேம்பஸ் இன்டர்வியூவுல 'களிமண் கரைக்கு எந்த ரோலர் போடுவீங்க?'னு கேட்டா, 'இருக்கிறதுலயே பெருசை'னு சொல்லிடாதீங்க. முதல்ல மண்ணைப் பாருங்க!

மணல், கிராவல்னா வழவழ டிரம் வைச்ச வைப்ரேட்டரி ரோலர் சூப்பர். அதிர்வுல மணல் துகள் ஒண்ணோட ஒண்ணு நெருங்கி உட்கார்ந்துக்கும். களிமண்ணுகிட்ட அந்தப் பருப்பு வேகாது. மேலே அப்பளமா இறுகும், அடியில கொழகொழன்னு கிடக்கும். அதுக்குத்தான் ஷீப்ஸ்ஃபுட்... தமிழ்ல சொன்னா ஆட்டுக்கால்! டிரம் முழுக்கக் குட்டிக் குட்டிக் கால்கள். அடியிலிருந்து மண்ணைப் பிசைஞ்சுக்கிட்டே வரும். மண் இறுக இறுகக் கால் மேலே ஏறும்.

ஈரப்பதம் தப்பினா எந்த ரோலரும் வேஸ்ட். 1933-ல பிராக்டர் சொன்னது இதைத்தான். லேப்ல தூங்கி வழிஞ்சுக்கிட்டே செஞ்சீங்களே, அதே டெஸ்ட்! அதோட ஹெவி வெர்ஷன்ல வர்ற உச்ச அடர்த்தியில 97 சதவீதமாவது சப்கிரேடுல வரணும்ங்கிறது நம்ம நெடுஞ்சாலை விதி.

பாலத்துச் சுவரை ஒட்டிப் பெரிய ரோலர் நுழையாது. அங்கே பிளேட் காம்பாக்டர் கேட்டு வாங்குங்க, சூப்பர்வைசர் முறைச்சாலும் சரி. பாலத்துல ஏறும்போது பைக் 'டொம்'முனு குதிக்குதே... பல இடத்துல அந்தப் பள்ளம் பிறக்கிறது அங்கேதான்!