இயந்திரம் ஆறட்டும்!

பால் லாரி, டிராக்டர், ஆலைக்கு மின்சாரம் தரும் ஜெனரேட்டர் ஆகிய மூன்றும் நின்றுவிட்டால் தோட்டத்து வேலையும் நின்றுவிடும். மூன்றிலும் இருப்பது டீசல் இயந்திரம். அந்த இயந்திரத்தைக் காப்பது அதனுள் சுற்றி வரும் தண்ணீர். அதே தண்ணீர் தொழிலாளியின் முகத்தை வேகவைக்கவும் கூடும். அதைப் பற்றித்தான் இன்று எழுத வேண்டியிருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் கிராணியாக இருந்த ஒரு தோட்டத்தில் நடந்தது இது. மேடேறிய பால் லாரி ஆவி கக்கி நின்றது. பால் கட்டிப்போகுமே என்ற பதைப்பில் டிரைவர் ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். கொதிநீர் பீறிட்டது, முகமும் மார்பும் வெந்தன. விபத்து அறிக்கையில் ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்று எழுதச் சொன்னார்கள். எழுதியது இந்தக் கைதான். அந்த லாரிக்குப் புதிய விசிறி வாரும் வெப்பமானியும் தேவையென்று இரண்டு மாதங்களுக்கு முன் ஸ்டோர் புத்தகத்தில் எழுதியதும் இதே கைதான். சிக்கனம் என்ற பெயரால் அதன் மேல் சிவப்புக் கோடு விழுந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர், “கிராணி ஐயா, நான் கவனமில்லாதவனா?” என்று கேட்டார். நம்மிடம் பதிலில்லை.

தோழர்களே, காரணத்தை அறிந்துகொள்ளுங்கள். திறந்த பானையில் தண்ணீர் 100 பாகை செல்சியஸில் கொதிக்கிறது. ரேடியேட்டர் மூடி சதுர அங்குலத்துக்குச் சுமார் 15 ராத்தல் அழுத்தத்தைப் பிடித்து வைத்தால், 120 பாகை வரையிலும் அது கொதிப்பதில்லை. மூடியைத் திறந்ததும் அழுத்தம் போய்விடும். நீரில் ஒரு பகுதி அக்கணமே ஆவியாகி, மீதியையும் வாரி இறைக்கும்.

ஆகவே, இயந்திரத்தை நிறுத்தி ஆறவிடுங்கள். சூடு 50 பாகைக்குக் கீழே இறங்கும் வரை மூடியைத் தொடாதீர்கள். பெரிய இயந்திரம் ஆற ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். தண்ணீர் வற்றிவிட்டால் வெப்பமானி சரியாகக் காட்டாது. அதை மட்டும் நம்பவேண்டாம். பிறகு கையுறையும் முகக்காப்பும் அணிந்து, முகத்தை விலக்கி, கனத்த துணியால் மூடியை மெல்லத் திருப்புங்கள். சூடான இயந்திரத்தில் பச்சைத் தண்ணீரை ஊற்றாதீர்கள். இரும்பு வெடித்துப் போகும்.

விசிறியருகே கை போகுமுன் சாவி உங்கள் சட்டைப்பையில் இருக்கட்டும். தானாகக் கிளம்பும் ஜெனரேட்டராக இருந்தால் பேட்டரிக் கம்பியைக் கழற்றி, ‘வேலை நடக்கிறது’ என்று அட்டை மாட்டுங்கள்.

ஆற்றுத் தண்ணீரையும் கிணற்றுத் தண்ணீரையும் ஊற்றினால் உள்ளே உப்பும் துருவும் படிந்து சூடு வெளியேறாது. கனரக இயந்திரங்களில் லைனரின் அதிர்வால் எழும் குமிழிகள் உடைந்து உடைந்து இரும்பையே துளைத்துவிடும். இயந்திரம் செய்தவர் குறிப்பிட்ட கூலண்டைச் சுத்தமான நீரில் அளவோடு கலப்பதே இதற்கு மருந்து. நம் நாட்டில் பனி உறையாது, கூலண்ட் எதற்கு என்பது அறியாமை. வெயில் நாடென்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதும் அறியாமையே.

கூலண்டில் உள்ள கிளைக்கோல் இனிக்கும் நஞ்சு. அதைச் சர்பத்துப் போத்தலில் வைக்காதீர்கள், வடிகாலில் கொட்டாதீர்கள். குழந்தையும் அறியாது, நாயும் அறியாது. வெந்த இடத்தில் பற்பசை பூசாமல், ஓடும் குளிர்ந்த நீரை 20 நிமிடம் விட்டு, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லுங்கள்.

நிருவாகத்துக்கும் ஒரு சொல். 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் பாதுகாப்பான இயந்திரத்தையும் பயிற்சியையும் தரவேண்டிய கடமையை முதலாளியின் மேல் வைக்கிறது. பாதுகாப்புச் சாதனங்களுக்குத் தொழிலாளியிடம் காசு பிடிக்கக்கூடாது. 2024 ஜூன் 1 முதல் நடப்பிலுள்ள திருத்தத்தின்படி, கடமை தவறினால் அபராதம் 500,000 வெள்ளி வரை போகலாம். உடனடி ஆபத்தைத் தெரிவித்த பின்னும் முதலாளி அதை நீக்காவிட்டால், அங்கிருந்து விலகும் உரிமை தொழிலாளிக்கு உண்டு. 40 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருந்தே ஆகவேண்டும். உங்கள் தோட்டத்தில் இருக்கிறதா? அடுத்த கிளைக் கூட்டத்தில் கேளுங்கள்.

டிரைவர் தோழர்களே, பழுதை வாயால் மட்டும் சொல்லாதீர்கள். தேதியிட்டு எழுதிக் கொடுத்து, ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். கிராணித் தோழர்களே, அறிக்கையில் உண்மையை எழுதுங்கள். சிவப்புக் கோடு எந்தத் தேதியில் விழுந்தது என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். அன்று நாம் எழுதத் தவறியது அதைத்தான்.

கட்டிப்போன பாலுக்கு மறுநாள் ஈடு உண்டு. வெந்துபோன முகத்துக்கு ஈடில்லை. இயந்திரம் ஆறட்டும், பால் காத்திருக்கட்டும்!