துருப்பிடித்த காரை ஜீப் ஆக்கலாமா?



கொல்லையில் துருப்பிடித்து நிற்கும் மாருதி 800-இன் கூரையை வெட்டி, பெரிய டயர் போட்டு, காடுமேடெல்லாம் ஓடும் ஜீப்பாக மாற்றும் வீடியோக்களை நம் பிள்ளைகள் நிறையப் பகிர்கிறார்கள். "நாமும் செய்யலாமா சார்?" என்று கேட்பவர்களும் உண்டு. ஆர்வத்துக்கு நூற்றுக்கு நூறு. ஆனால் அந்தக் கார் வேண்டாம் என்பதுதான் என் பதில்.

பழைய மகிந்திரா ஜீப்பிலும் ஜிப்ஸியிலும் அடியில் ஏணி மாதிரி தனிச் சேசிஸ் இருக்கும். பாடி அதன்மேல் உட்கார்ந்திருக்கும். பாடி துருப்பிடித்தால் தகட்டை மாற்றிக்கொள்ளலாம். மாருதி 800-இல் தனிச் சேசிஸ் கிடையாது. தரைத்தகடு, கதவுக்கு அடியில் ஓடும் விளிம்பு, தூண்கள், கூரை எல்லாம் சேர்ந்துதான் பாரத்தைத் தாங்குகின்றன. கூரையை வெட்டினால் பலத்தில் ஒரு பங்கு போய்விடும். இன்னொரு பங்கை அடியில் துரு ஏற்கெனவே தின்றிருக்கும். பட்டி பார்த்து பெயிண்ட் அடித்தால் துரு மறையும், பலம் திரும்பாது. அரித்து மெலிந்த தகட்டில் வெல்டிங் வைத்தால் ஓட்டைதான் விழும். மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் பக்கம் உப்புக்காற்றில் நின்ற வண்டிகளுக்கு அடியில் படுத்துப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

அடுத்தது, வகுப்பில் படித்த ஈர்ப்பு மையம். வண்டியை உயர்த்த உயர்த்த அது மேலே போகும், கவிழ்வது சுலபமாகும். 796 சிசி எஞ்சின், முன்சக்கரங்களுக்கு மட்டும் இழுவை. பெரிய டயர் அதற்கும் பிரேக்குக்கும் கூடுதல் சுமை.

சட்டமும் இடம் தராது. தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் பணமும் சந்தேகம். "என் தோப்புக்குள்தானே ஓட்டுகிறேன்" என்பீர்கள். கண்மாய்க் கரைச் சரிவு ஆர்.சி. புக்கைக் கேட்காது தம்பி. அதில் உட்கார்ந்திருப்பது உங்கள் பிள்ளைகள்.

மகாராஷ்டிரா சாங்லி மாவட்டத்தில் தத்தாத்ரேய லோஹார் என்ற இரும்புப் பட்டறைக்காரர், பழைய பாகங்களை வைத்து, உதைத்து ஸ்டார்ட் செய்யும் சின்ன ஜீப் ஒன்றைக் கட்டினார். 2021 டிசம்பரில் அந்த வீடியோவைப் பார்த்த ஆனந்த் மகிந்திரா திறமையைப் பாராட்டினார். கூடவே, விதிகளுக்கு உட்படாததால் அதிகாரிகள் ஒருநாள் தடுத்துவிடுவார்கள் என்றும் சொல்லி, அதற்குப் பதிலாக ஒரு பொலேரோ கொடுத்தார். எல்லோருக்கும் பொலேரோ கிடைக்குமா?

இங்கேதான் எனக்கு அரசிடம் ஒரு குறை. பிரிட்டனில் தனி ஒருவர் கட்டிய காரையும் சோதித்துப் பார்த்து, தேறினால் சாலையில் ஓட்ட அனுமதிக்கும் முறை உண்டு. அப்படி ஒரு வழி நம் நாட்டிலும் வேண்டும். ஐ.டி.ஐ. படித்த நம் பையன்களின் கைத்திறன், தடை என்ற ஒரே சொல்லோடு முடிந்துவிடக் கூடாது.

அதுவரை ஒரு யோசனை. துரு தின்ற காரை முறைப்படி பழைய இரும்புக்குக் கொடுத்து, ஆர்.சி.யை ரத்து செய்துவிடுங்கள். ஆசை தீரவில்லையென்றால், சேசிஸ் நன்றாக உள்ள ஒரு பழைய ஜீப்பை வாங்கி, ஆர்.சி.யில் உள்ளபடியே புதுப்பியுங்கள். வேலையும் கற்றுக்கொள்ளலாம், பயமில்லாமல் சாலையிலும் ஓட்டலாம்.

பட்டறை வைத்திருக்கும் என் மாணவர்கள் தங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். மாற்றுக் கருத்து இருந்தாலும் தயங்காமல் சொல்லுங்கள்.